உன் அம்மா வாங்கிய மார்க்

அன்புள்ள ரவிக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதம் என்றால் முதல் வரியிலேயே எல்லோரும் சுகம் என்று போட வேண்டும். பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். சுகம் என்றால் பொய். சுகமில்லை என்றால் நீ பாதியில் நிறுத்திவிட்டு போன் போடுவாய். அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். ஒரே பெங்களூருக்குள் ஆஸ்டின் டவுனிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீ சிரிக்கலாம். போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். "இன்னாப்பா, சொல்லு" என்கிறாய். பின்னால் உன் ஆபீஸ் மீட்டிங் சத்தம் கேட்கிறது. "ஒண்ணும் இல்லடா, சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நாற்பது வருஷம் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவனுக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல தைரியம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நீயும் மருமகளும் டொரோண்டோ போகிறீர்கள். மூன்று வருஷ வேலை. அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் நீ ஆபீசில் சரி என்று சொன்னாய். "மார்க் இறங்கவே இல்லப்பா, அப்படியே நிக்குது" என்று சந்தோஷப்பட்டாயே, அந்த மார்க் அம்மா வாங்கியது இல்லை. நான் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் அவளை உட்கார வைத்து விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். உன்னிடம், டாக்டரிடம், கடைசியில் என்னிடமே.

எப்படி இது ஆரம்பித்தது என்று யோசித்தால் எனக்கே வரிசை பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். அம்மா முப்பது வருஷம் கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தவள். சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று விரலாலேயே கண்டுபிடிப்பாள். கல்யாண வீட்டில் எதிரில் நிற்கிறவரின் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு என் காதில் வந்து குறை சொல்வாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் என் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய இஸ்திரி போட்டு, அப்படியே ஆணியில் மாட்டிவைத்தாள். நான் கிண்டல் பண்ணினேன். அவள் சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் கேட்டதையே கேட்பது, ஒரே குழம்பில் இரண்டு தடவை உப்பு. நீதான் பிடிவாதமாக அந்த ஆராய்ச்சி நடக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அல்சைமர் என்ற வார்த்தையை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். ஊர் பெயர் போல இருக்கிறதே என்று நினைத்தேன்.

அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. கன்னடக்காரர், ஆனாலும் தமிழில் சமாளிப்பார். ஞாபகம் குறைவதும், மூளைக்குள் நடப்பது படத்தில் தெரிவதும் எப்படிச் சேர்ந்து போகின்றன என்று பல பேரை வருஷக்கணக்கில் பார்த்துவருவதாகச் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஞாபக டெஸ்ட், வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன். ஒரு படத்தில், காதுக்கு உள்பக்கமாக இரண்டு பக்கமும், கடல்குதிரை வடிவத்தில் ஒரு சின்ன இடத்தைப் பேனாவால் காட்டினார். புது ஞாபகம் பதிவதற்கு அது முக்கியமாம். அம்மாவுக்கு அது கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்றார். ஊசி போட்டு எடுத்த இன்னொரு படத்தில் மூளையில் படியக் கூடாத ஒன்று படிந்திருப்பது கலராகத் தெரிந்தது. நான் தலையாட்டினேன். எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் என் பெண்சாதி எங்கேயும் இல்லை.

முதல் ஸ்கேன் அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, தாலியைக் கழற்றுங்கள் என்று நர்ஸ் சொன்னதும் அம்மா நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டாள். "மெஷினு வேணும்னா கெட்டுப்போவட்டும், நான் கழட்ட மாட்டேன்" என்றாள். கடைசியில் நீ ஓடிப்போய் மஞ்சள் கிழங்கும் நூலும் வாங்கிவந்து, நான் அங்கேயே அவள் கழுத்தில் கட்டி, அதற்கு அப்புறம்தான் தங்கத் தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த வயதில் இரண்டாவது கல்யாணமா என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அந்த வாரமே முதல் ஞாபக டெஸ்ட். டெஸ்ட் எடுக்கிற பெண் நல்ல பிள்ளை. அம்மா பயப்படுகிறாள் என்று என்னையும் உள்ளே மூலையில் உட்கார விட்டது. ஐந்து வார்த்தை சொல்வார்கள். செம்பு, தாழம்பூ, படகு, முழங்கை, வெல்லம். வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்பார்கள். அம்மா "செம்பு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வேறு எதுவும் வரவில்லை. தேதி கேட்டார்கள், கிழமை கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். பஸ்சில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பெயிலாயிட்டேனா மாஸ்டர்?"

ஊரே என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதால் அவளும் அப்படித்தான் கிண்டலாகக் கூப்பிடுவாள். அன்றைக்கு அதில் கிண்டல் இல்லை. நான் சொன்னேன், "நான் இருக்கக்கொள்ள நீ எப்படி பெயிலாவ?"

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. என் டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் கிடைக்காமல் திரும்பியவன் கிடையாது என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தேன். அது எப்படி என்று உனக்குத் தெரியும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, டெஸ்ட் முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருத்தனிடமும் என்ன கேள்வி கேட்டார்கள் என்று விசாரித்து டைரியில் குறித்துக்கொள்வேன். அதை உருப்போட வைத்து அடுத்தவனை உள்ளே அனுப்புவேன். எட்டு போடுவதற்கும் அப்படித்தான். மூணாவது கல் வந்ததும் ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பு, வேப்ப மரம் தெரிஞ்சதும் நேராக்கு. அப்படிப் பாசான ஒரு துணிக்கடைக்காரர் முதல் நாளே தன் வீட்டு காம்பவுண்டைத் தானே இடித்தார். வந்து என்னிடம் கேட்டார், "மாஸ்டர், எங்க தெருவுல வேப்ப மரமே இல்லையே." ஊரெல்லாம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உன்னை கான்வென்டில் சேர்க்கும்போதும் இதே வேலையைத்தான் செய்தேன். மற்ற அப்பாக்களிடம் கேள்விகளை வாங்கி உனக்கு விடைகளை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். நீ உள்ளே போய், மதர் வாயைத் திறப்பதற்கு முன்பே, உன் பேர், என் பேர், ஒரு பசுவுக்கு எத்தனை கால், ஆப்பிள் என்ன கலர் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு வெளியே ஓடி வந்தாய். அன்றைக்கு அம்மா என்னைத் திட்டினாள். "புள்ளைக்குப் பதிலு மட்டும் சொல்லிக் குடுத்தா எப்படி? இன்னா கேக்குறாங்கன்னு காது குடுத்துக் கேக்கச் சொல்லிக் குடுக்க வேணாமா?" சீட்டு கிடைத்துவிட்டதால் அந்தத் திட்டு எனக்குக் காதில் ஏறவில்லை. ரவி, உனக்குப் பிள்ளை பிறந்தால் இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

ஆக, அம்மாவுக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். அந்த டெஸ்டில் கன்னடத்துக்கு மூன்று தாள் வைத்திருந்தார்கள், மாற்றி மாற்றிக் கேட்பார்கள். தமிழுக்கு ஒரே தாள்தான். அம்மாவுக்குக் கன்னடமும் தண்ணி பட்ட பாடு. ஆனாலும் முதல் நாள் எந்த பாஷை வேண்டும் என்று கேட்டபோது தமிழ் என்றாள். ஒரே தாள்தான் இருக்கிறது என்று அந்தப் பெண்ணே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டது. எனக்கு அது போதாதா? தினமும் காலை காபி குடிக்கும்போது ஐந்து வார்த்தை. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தரம். கடிகாரம் வரைவதற்கு ஒரு நோட்டு. டெஸ்ட் அன்றைக்கு பஸ்சில் தேதியும் கிழமையும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். இரண்டு மாதம் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒருநாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே, நான் கேட்காமலேயே, ஐந்தையும் வரிசையாகச் சொன்னாள். ரவி, நீ ஃபர்ஸ்ட் கிளாசில் பாசானபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை.

அடுத்த டெஸ்டில் மார்க் ஏறிவிட்டது. அதற்கடுத்ததில் அப்படியே நின்றது. இதற்கு நடுவில் இரண்டாவது வருஷ ஸ்கேனும் வந்தது. அன்றைக்கு உனக்கு ஆபீசில் வேலை, நான் மட்டும் கூடப் போனேன். பையில் மஞ்சள் கிழங்கும் நூலும் தயாராக எடுத்துப் போயிருந்தேன். நர்ஸ் கேட்டதும் அம்மா தாலியைக் கழற்றினாள். தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றுவது போலக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். நூல் என் பையிலேயே இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்த டெஸ்டிலும் அந்தக் கேள்வி இல்லை. அவளுக்கு மெஷின் பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பழக்கமா, மறதியா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து டாக்டரம்மா நம் மூவரையும் கூப்பிட்டு கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினாரே, அந்த நாள். சாய்வாக ஒரு கோடு, அதைச் சுற்றி நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். கடல்குதிரை மெலிய மெலிய மார்க்கும் இறங்குகிறது, அதனால் புள்ளிகள் எல்லாம் கோட்டை ஒட்டியே கீழே போகின்றன. ஒரே ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தைவிட்டுத் தனியாக மேலே நின்றது. "இவங்கதான் உங்க அம்மா" என்றார். படத்தில் மெலிவு கூடியிருக்கிறது, படிவும் இருக்கிறது, ஆனால் ஞாபகம் இறங்கவில்லை. சில பேருக்கு இப்படி மூளை தாக்குப்பிடிக்கும், ஏன் என்று கண்டுபிடிக்க முடிந்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்றார். நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாய். அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் ஸ்டூடன்ட் என்று தோன்றியது.

வெளியே வந்ததும் நீ கேட்டாய், "அப்பா, கனடா ஆஃபர் ஒண்ணு வந்துகீது. அம்மாவ இப்படி வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு பாத்துக்கினு இருந்தேன். இன்னா சொல்ற?" நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "டாக்டரே சொல்லிட்டாங்களே, போடா" என்றேன். அந்த நேரம் நான் பொய் சொல்லவில்லை, அதைத்தான் உனக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. நான் உருப்போட வைத்ததை மறந்துவிட்டு, அவளுக்குக் குணமாகிறது என்று நினைத்தேன். மனப்பாடம் செய்கிறவளுக்கு எப்படி ஞாபகம் இல்லாமல் போகும்? படம் தப்பாக இருக்கக் கூடாதா? ஆளைப் பார்க்காமல் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பேசுகிறார்களே என்றுகூட டாக்டரம்மாவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது கதவு திறந்திருந்தது. அம்மா இல்லை. கீரைக்காரம்மாவைத் தேடிப் போயிருப்பாள் என்று தெருமுனைக்குப் போனேன். பிறகு கோவில், பிறகு மார்க்கெட். ஈரத் தலையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றினேன். இந்த ஏரியாவில் எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அன்றைக்கு ஒரே தெருவில் நான்கு தடவை போயிருக்கிறேன். உனக்கு போன் செய்ய எடுத்தேன். எடுத்து, வைத்துவிட்டேன். செய்தால் மார்க் விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயம். அவள் காணாமல் போன நேரத்தில் எனக்கு அந்தக் கணக்கு இருந்தது. இதை நீ மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டு மணி நேரம் கழித்து ஓசூர் ரோடு சிக்னலில் அவளைப் பார்த்தேன். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருத்தர் தன் ஸ்டூலை நிழலில் போட்டு அவளை உட்கார வைத்திருந்தார். பாட்டிலில் தண்ணீர் கொடுத்திருந்தார். காலில் செருப்பு இல்லை. நான் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "இவ்ரு நிம்மவ்ரா?" என்று கேட்டார், உங்கள் வீட்டு ஆளா என்று. ஆமாம் என்றேன். பெயர் என்ன, வீடு எங்கே, பிள்ளை நம்பர் தெரியுமா என்று கன்னடத்திலும் தமிழிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார். எதைக் கேட்டாலும் அம்மா ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். ஏதோ ஊர் பெயர்கள் போலிருக்கிறது, நீங்கள் கேட்டுப் பாருங்கள் என்றார். நான் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்து, "சரோஜா, நம்ம வீடு எங்க?" என்றேன்.

"செம்பு, தாழம்பூ, படகு, முழங்கை, வெல்லம்."

ஒன்றுகூடத் தப்பவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், சரிதானே என்று. நடுரோட்டில், போலீஸ்காரர் எதிரில், நான் அழுதேன் ரவி. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை உட்கார வைத்து நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இது. நம் வீட்டு நம்பரைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். உன் போன் நம்பரைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இவ்வளவு பாடுபட்டு அவள் தலையில் ஏற்றியது அவளைப் பாஸாக்குகிற ஐந்து வார்த்தைகள், வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ஒரு வார்த்தைகூட இல்லை.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டேன். ஏன் அவரிடம் அதைச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபமே இல்லாமல் சொன்னாள், "யாராச்சும் கேள்வி கேட்டா இத்தத்தான் சொல்லணும்னு நீங்கதான சொன்னீங்க?" பிறகு, "சரியா சொன்னா நீங்க சிரிப்பீங்க" என்றாள். நான் பாஸாக்குவதற்காகப் படிக்க வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்துக்காகப் படித்திருக்கிறாள். எவ்வளவு நாளாக அப்படியோ.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்தார். "மார்க் நல்லா இருக்குன்னுதானே சார் நான் மருந்தக் கூட்டல, வெளிய தனியா விடாதீங்கன்னும் சொல்லல" என்றார். அவ்வளவுதான். இந்த முறை கன்னடத் தாளை எடுக்கச் சொன்னார். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அந்தப் பெண் ஏதோ கேட்டது. அம்மா விடை தேடி முதலில் மூலையைப் பார்த்தாள், நான் வழக்கமாக உட்காருகிற மூலையை. பிறகு கண்ணாடி வழியாக என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன். முப்பத்தாறு வருஷத்தில் அவள் கேட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது எவ்வளவோ தடவை. எதற்கும் இப்படி வலித்ததில்லை.

மார்க்கை எழுத மாட்டேன், ரிப்போர்ட்டில் நீயே பார்ப்பாய். தனியாக மேலே நின்ற அந்தப் புள்ளி இறங்கிவந்து கோட்டில் மற்ற புள்ளிகளோடு சேர்ந்துவிட்டது. படமும் மார்க்கும் இப்போது ஒன்றையே சொல்கின்றன. டாக்டரம்மாவின் குழப்பம் தீர்ந்தது, எனக்கு ஆரம்பித்தது. படம் சொன்னதுதான் உண்மை என்றால், கடல்குதிரை மெலிந்துபோன தலைக்குள் அந்த ஐந்து வார்த்தைகள் எப்படிப் போய் உட்கார்ந்தன? அவரிடமே கேட்டேன். திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கம் வேறு வழியாகப் பதியலாம், சைக்கிள் ஓட்டுவது மாதிரி, ஆனால் இவங்க விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். படம் இவ்வளவு மோசமாக இருந்தும் போன வாரம் முருங்கைக்காயை நான் சின்னதாக வெட்டிவிட்டேன் என்று என்னைத் திட்டினாளே, அது யார்? அதே அம்மாதானே? ஒரே படம் உள்ள இரண்டு பேர் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள் என்றும் டாக்டரம்மா சொல்கிறார், படத்தை நம்ப வேண்டும் என்றும் சொல்கிறார். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறேன். வண்டி ஏன் நின்றது என்று பானெட்டைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். இதைத் திறந்து காட்டினாலும் எனக்கு விளங்கவில்லை.

எனக்குத் தெளிவாகத் தெரிகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். யாராவது உன்னிடம் பெயிலாகிவிட்டேனா என்று கேட்டால், இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதே. அன்றைக்கு பஸ்சில் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, ஆமாம் சரோஜா, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். அவளுக்குத் தேவைப்பட்டது அதுவாகத்தான் இருக்கும். அதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன். இப்போது காலையில் உருப்போடுவதை நிறுத்திவிட்டேன். காபி குடிக்கும்போது அவள் சில நேரம் தானாகவே ஆரம்பிப்பாள். நான் "பரவால்ல, வுடு" என்பேன். அப்போது அவள் முகம் சுருங்குகிறது. அதற்கு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

புது ரிப்போர்ட்டை டாக்டரம்மா திங்கட்கிழமை உனக்கு நேராக அனுப்புவார். என் வழியாக வர வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பழைய மார்க்கைப் பார்த்து எடுத்த முடிவை இதைப் பார்த்து மறுபடி எடு. நான் போடா என்று சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாகப் போகாதே என்று சொல்கிறேனா என்றால், அதுவும் இல்லை. காலையில் பல் விளக்கும்போது, பிள்ளை நம்மால் நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். காபி ஆறுவதற்குள் மாறிவிடுகிறேன். மருமகளிடம் கலந்து பேசு. என்மேல் கோபம் இருந்தால் கோபத்தோடு முடிவு எடுக்காதே, இரண்டு நாள் ஆறவிடு.

இன்னொன்று. இந்த முறை டெஸ்ட் முடிந்ததும் டாக்டரம்மா அம்மாவிடம் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். "அவரு, நானு, எங்க புள்ள" என்றாள். பிள்ளை இப்போது எங்கே என்றதற்கு, "இஸ்கூலுக்குப் போயிகீறான், நாலு மணிக்கு வந்துடுவான்" என்றாள். வெளியே வந்து டாக்டரம்மா என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார், உங்கள் மகன் வெளிநாடு போனால் அம்மா ஏங்கிப்போவாங்கன்னு நினைக்காதீங்க சார், போனதே அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம் என்று. நல்ல மனதோடுதான் சொன்னார். பஸ் ஸ்டாப் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நீ போனால் அவளுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும்டா.

அப்பா